கணவரின் சிறுநீரகம் எனக்கு ஏன் சேரவில்லை?

வாசகர் கேள்விக்குச் சிறுநீரக மருத்துவர் பதில்

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சுருக்கித் தருகிறேன்.

வயது 36. இரண்டு பிள்ளைகள். ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி (ஐ.ஜி.ஏ. என்ற புரதம் சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுக்கும் நோய்) என்று பயாப்ஸியில் தெரிந்தபோதே நோய் முற்றியிருந்தது. 14 மாதமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இவருக்கு பி பாசிட்டிவ் ரத்தம். கணவருக்கு ஓ பாசிட்டிவ். இவருடைய சொந்தத் தாய்மாமன் மகன். சிறுநீரகம் தருகிறேன் என்று கணவரே முன்வந்து, எல்லாப் பரிசோதனையிலும் தேறி, கடைசியில் கிராஸ்மேட்ச் (இவருடைய ரத்தம் கணவரின் செல்களைத் தாக்குமா என்று பார்க்கும் பரிசோதனை) அறிக்கை 'பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. "பாசிட்டிவ் என்றதும் நல்லது என்று நினைத்து வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டோம். டாக்டர் உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் புரிந்தது" என்கிறார். திசுப் பொருத்தப் பரிசோதனையில் கணவருக்கு 6க்கு 1.

அடுத்தது தம்பி. வயது 32, பி பாசிட்டிவ், 6க்கு 3. தம்பியின் அறிக்கையில் 'பி27' என்ற திசு வகை இருந்ததைப் பார்த்த உறவினர் ஒருவர், செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இவனுக்கு முதுகெலும்பு இறுகிப்போகும் நோய் வரும், இவன் கொடுக்கக் கூடாது" என்று சொல்ல, வேலை அப்படியே நின்றுவிட்டது. தம்பிக்கு அவ்வப்போது இடுப்பு வலி உண்டு. தம்பி மனைவிக்கும் பயம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், அதனால் அவர் கணக்கிலேயே இல்லை. இதற்கிடையில் டயாலிசிஸ் சென்டர் வாசலில் ஒருவர், பணம் கொடுத்தால் "முழுப் பொருத்தமான ஆளை" ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். இரண்டாவது பிரசவத்தில் 2 யூனிட், டயாலிசிஸ் தொடங்கியபின் 3 யூனிட் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். மறுபடி ஏற்றலாமா என்று பேச்சு. மாமியார் ஒரு நாள், "புருஷனையே ஏத்துக்காத உடம்பு" என்று சொல்லிவிட்டாராம். "மாமன் மகன், ஒரே ரத்தம். அப்படியும் ஏன் சேரவில்லை? நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அவருடையதையே வைக்கச் சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமியார் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் உடம்பில் கணவருக்கு எதிரான நோய் எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடிகள், சுருக்கமாக எதிர்ப்புரதங்கள்) இருப்பது உண்மை. அவை வந்தது பெரும்பாலும் அவருடைய பிள்ளைகளை நீங்கள் வயிற்றில் சுமந்ததால். இதை மாமியாரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போனது அது.

கொஞ்சம் விளக்கினால்தான் புரியும். நம் உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்களின் மேற்பரப்பிலும் எச்.எல்.ஏ. என்னும் புரதங்கள் இருக்கின்றன. செல்லுக்குள் என்னென்ன புரதங்கள் தயாராகின்றனவோ அவற்றிலிருந்து சின்னத் துண்டுகளை எடுத்து வெளியே நீட்டிக் காட்டுவது இவற்றின் வேலை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தே உள்ளே நிலவரம் என்ன என்று தெரிந்துகொள்ளும். வைரஸ் புகுந்திருந்தால் அதன் துண்டு வெளியே வரும், அந்த செல் அழிக்கப்படும். டி செல் வைரஸின் துண்டை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை, நம்முடைய சொந்த எச்.எல்.ஏ.வோடு சேர்த்துத்தான் பார்க்கிறது என்று ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1974இல் காட்டியவர்கள் பீட்டர் டோஹெர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும். 1996இல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. அதாவது, மாற்றுச் சிறுநீரகத்தைத் தடுப்பதற்காக இயற்கை இதை வைக்கவில்லை. கிருமிகளுக்காக வைத்தது, நாங்கள் அறுவை சிகிச்சை செய்பவர்கள் குறுக்கே வந்து மாட்டிக்கொண்டோம்.

இந்தப் புரதங்கள் ஆளுக்கு ஆள் மாறும். மனித உடம்பில் இவ்வளவு வகைகள் கொண்ட மரபணுக்கள் வேறு இல்லை என்றே சொல்லலாம். அந்த வேறுபாட்டுக்குக் காரணமும் கிருமிகள்தான். ஒரு கிருமி ஒருவருடைய எச்.எல்.ஏ.வுக்குத் தப்பிவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் மாட்டும். பி57 என்ற வகை உள்ளவர்களில் பலருக்கு எச்.ஐ.வி. மெதுவாகத்தான் முன்னேறும். அதே பி57இன் ஓர் உட்பிரிவு உள்ளவர்களுக்கு, எச்.ஐ.வி.க்குத் தரும் அபகாவிர் மாத்திரை உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைத் தரலாம். நல்ல வகை, கெட்ட வகை என்று இதில் பிரிக்க முடியாது. தம்பியின் பி27 பற்றிப் பேசும்போது இது உதவும்.

இப்போது உங்கள் குடும்பம். எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6வது குரோமோசோமில் நெருக்கமாக ஒரே வரிசையில் இருப்பதால், பெரும்பாலும் கட்டாகவே ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும். அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு. அதனால் பெற்றவர்களும் பிள்ளைகளும் எப்போதும் பாதிப் பொருத்தம். உடன்பிறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு முழுப் பொருத்தம், நான்கில் இருவருக்குப் பாதி, நான்கில் ஒருவருக்கு ஒன்றுமே சேராது. மாமன் மகன் என்றால் உங்களோடு ஒரு கட்டைப் பகிர்ந்துகொள்ள நான்கில் ஒரு வாய்ப்புதான். உங்களுக்கு அது அமையவில்லை, அமைந்திருந்தால் குறைந்தது 6க்கு 3 வந்திருக்கும். "ஒரே ரத்தம்" என்று நாம் சொல்வது உறவுக்குச் சரி. 6வது குரோமோசோம் அதைக் கேட்பதில்லை.

பிள்ளையின் பாதி அப்பாவுடையது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் குழந்தையின் செல்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடம்பு அதிலுள்ள அப்பாவின் எச்.எல்.ஏ.வைப் புதியது என்று குறித்து வைத்துக்கொண்டு எதிர்ப்புரதம் தயாரிக்கும். எல்லாத் தாய்மாருக்கும் இது நடக்காது. பிரசவங்கள் கூடக்கூட வாய்ப்பு கூடும். பொதுவாகக் குழந்தைக்கு இதனால் கெடுதல் இல்லை, அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை. ஆனால் 1958இல் நெதர்லாந்தின் லைடனில் யோன் வான் ரூடும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ரோஸ் பெய்னும் கவனித்தார்கள். பல முறை பிரசவித்த பெண்களின் ரத்தத்தில் இந்த எதிர்ப்புரதங்கள் இருப்பதைக் கண்டார்கள். அதே ஆண்டு பாரிஸில் ஜான் தோசே, பல முறை ரத்தம் ஏற்றப்பட்டவர்களிடம் இதுபோன்ற ஒன்றைக் கண்டு முதல் எச்.எல்.ஏ.வை வரையறுத்தார், 1980இல் அவருக்கு நோபல். உங்களுக்கு இரண்டு வழிகளும் அமைந்திருக்கின்றன, பிரசவமும் ரத்தம் ஏற்றியதும். மருத்துவமனைகள் பல ஆண்டுகள் திசுப் பொருத்தம் பார்த்தது இப்படிப்பட்ட தாய்மாரின் ரத்தத்தை வைத்துத்தான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட்டால் வைப்பார்களா?

வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. கிராஸ்மேட்ச் என்பது உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் கணவரின் வெள்ளையணுக்களைப் போட்டுப் பார்ப்பது. அணுக்கள் செத்தால் பாசிட்டிவ். அதே வேலையை உங்கள் ரத்தம் அவருடைய சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களிலும் செய்யும். படேல் என்ற மருத்துவரும் பால் டெரசாகியும் 1969இல் 225 மாற்று அறுவை சிகிச்சைகளை வைத்து இதைக் கணக்குப் பார்த்தார்கள். கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் வைத்த 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனடியாகவே போய்விட்டது. நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே அப்படி ஆனது. அதன் பிறகு கிராஸ்மேட்ச் பார்க்காமல் யாரும் கத்தியை எடுப்பதில்லை. உங்கள் கணவரின் நல்ல சிறுநீரகம் ஆபரேஷன் மேஜையிலேயே கறுத்துப்போவதற்கு உங்கள் கையெழுத்தோ அவர் கையெழுத்தோ தடை போடாது.

ஆனால் ஒன்று. அந்தப் பாசிட்டிவ் உண்மையான பாசிட்டிவ்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய தாளில், அணுக்கள் சாகின்றனவா என்று பார்க்கும் சி.டி.சி. முறை கிராஸ்மேட்ச் மட்டும்தான் இருக்கிறது. ஐ.ஜி.எம். என்ற வகை எதிர்ப்புரதங்கள், சொந்த செல்களையே தாக்கும் எதிர்ப்புரதங்கள் ஆகியவையும் சில சமயம் இதில் பாசிட்டிவ் காட்டிவிடும். அவற்றால் பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு ஆபத்தில்லை. அதனால் ஐ.ஜி.எம்.ஐச் செயலிழக்கச் செய்யும் டி.டி.டி. என்ற மருந்து சேர்த்து மறுபடி சி.டி.சி., உங்கள் சொந்த அணுக்களோடு ஆட்டோ கிராஸ்மேட்ச், இன்னும் நுணுக்கமான ஃப்ளோ கிராஸ்மேட்ச், அதோடு லூமினெக்ஸ் சிங்கிள் ஆன்டிஜென் பரிசோதனை, இத்தனையும் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் உங்களுக்கு மிக முக்கியம். உங்கள் ரத்தத்தில் எந்தெந்த எச்.எல்.ஏ.வுக்கு எதிர்ப்புரதம் இருக்கிறது, எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பெயர் பெயராகச் சொல்லிவிடும். விலை கூடுதல்தான். ஆனாலும் இனி நீங்கள் எடுக்கப்போகும் ஒவ்வொரு முடிவுக்கும் அந்தப் பட்டியல் தேவை. உங்களுக்கு இரண்டு பிரசவமும் 5 யூனிட் ரத்தமும் ஆகியிருக்கின்றன. எனவே பாசிட்டிவ் உண்மையானதாகவே இருக்கும் என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன். இருந்தாலும் பார்த்துவிட வேண்டும்.

6க்கு எத்தனை என்ற கணக்கு

உங்கள் கடிதம் முழுக்க இந்த எண்தான் வருகிறது. 6க்கு 1 என்பதால் கணவர் தோற்றார், 6க்கு 3 என்பதால் தம்பி பாதி தேறினார், 6க்கு 6 வேண்டுமென்றால் புரோக்கரிடம் போக வேண்டும். இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஏ, பி, டி.ஆர். என்ற மூன்று இடங்களில், இடத்துக்கு இரண்டு வீதம் ஆறைப் பார்க்கிறார்கள். எண் கூடினால் நல்லதுதான், நீண்ட காலம் உழைக்கும். ஆனால் டெரசாகியின் குழு 1995இல் வெளியிட்ட அமெரிக்கக் கணக்கைப் பாருங்கள். கணவனோ மனைவியோ கொடுத்த சிறுநீரகங்களில் மூன்று ஆண்டு கழித்தும் வேலை செய்தவை 85 சதவீதம். பெற்றோர் கொடுத்தவற்றில் 82. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து வந்தவற்றில் 70. கணவன் மனைவி பொருத்தம் பெரும்பாலும் உங்களுடையதைப் போல 1, 2 என்றுதான் இருக்கும். அப்படியும் பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரின் சிறுநீரகத்துக்குக் குறையாமல் உழைத்திருக்கின்றன. ஆரோக்கியமான ஒருவரிடமிருந்து உடனுக்குடன் எடுத்து வைப்பதன் பலன் அது.

ஆக, உங்கள் கணவர் விஷயத்தில் தடை அந்த 1 அல்ல, எதிர்ப்புரதம். அது மட்டும் இல்லாதிருந்தால் 6க்கு 1ஐ வைத்துக்கொண்டே நான் உங்களை ஆபரேஷனுக்கு அனுப்பியிருப்பேன். 6க்கு 5 பொருந்தும் ஒருவர் கிடைத்து, பொருந்தாத அந்த ஒன்றுக்கு எதிராக உங்களிடம் வலுவான எதிர்ப்புரதம் இருந்தால் அனுப்ப மாட்டேன்.

முழுப் பொருத்தம் கிடைத்தால், புதிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் மாத்திரை வேண்டாம் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் முர்ரே முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்த சிறுநீரக மாற்று, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைச் சகோதரர்களுக்கு இடையில் நடந்தது. அங்கே மாத்திரை தேவைப்படவில்லை. மற்ற எல்லோருக்கும், 6க்கு 6 உடன்பிறப்பாக இருந்தாலும், டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் போன்ற மருந்துகள் உண்டு. ஏற்கெனவே எதிர்ப்புரதம் தயாரித்துப் பழகிய உங்களைப் போன்றவர்கள் ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடக் கூடாது.

தம்பியும் அந்த பி27உம்

தம்பிதான் இப்போது உங்களுக்கு முதல் வாய்ப்பு. பி27ஐப் பார்த்துப் பயந்து கிராஸ்மேட்ச்சை நிறுத்தியது தேவையில்லாத தாமதம்.

பி27க்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற முதுகெலும்பு நோய்க்கும் உள்ள தொடர்பு 1973இல் கண்டறியப்பட்டது. எச்.எல்.ஏ.வுக்கும் நோய்களுக்கும் உள்ள தொடர்புகளில் மிக வலுவானவற்றில் இது ஒன்று. ஆனால் தொடர்பை எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதில்தான் உங்கள் உறவினர் தடுமாறியிருக்கிறார். அந்த நோய் வந்த ஐரோப்பியர்களில் 10 பேருக்கு 9 பேரிடம் பி27 இருக்கும். பி27 உள்ளவர்களை எடுத்துக்கொண்டால் 100இல் ஏறத்தாழ 5 பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் நோய் வரும். மற்றவர்கள் அது தங்களிடம் இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பார்கள். தம்பியின் சிறுநீரகம் வழியாக உங்களுக்கு அந்த நோய் வந்துவிடுமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். வராது.

ஆனால் அவருடைய இடுப்பு வலியை நான் சும்மா விட மாட்டேன். காலையில் எழும்போது அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் இருக்கிறதா, நடமாடினால் குறைகிறதா, ராத்திரி பின்ஜாமத்தில் வலியால் விழிப்பு வருகிறதா, கண் சிவந்து வலித்திருக்கிறதா? இதில் ஏதாவது இருந்தால் மூட்டுவாத மருத்துவர் ஒருவர் அவரைப் பார்த்துவிட வேண்டும். காரணம், அந்த நோய்க்கு வருடக்கணக்கில் வலி மாத்திரைகள் தேவைப்படலாம், அவை சிறுநீரகத்துக்கு ஆகாது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவருக்கு அது நல்லதல்ல. வேலை செய்து களைத்தால் வரும் சாதாரண வலி என்றால் கவலை இல்லை. இன்னொன்றும் உண்டு: ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வரும். ஆகவே தம்பியின் சிறுநீரில் ரத்த அணுவோ புரதமோ இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள். பி27ஐவிட எனக்கு அது பெரிய கேள்வி.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களிடம் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். தம்பியின் இரண்டு கட்டில் ஒன்று உங்களிடமும் இருக்கிறது. மற்றது உங்களிடம் இல்லாதது. அந்த மற்றது உங்கள் அம்மாவிடமிருந்து வந்ததாக இருந்தால், அம்மாவின் அண்ணன் தம்பி வழியாக அதே கட்டு உங்கள் கணவருக்கும் வந்திருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் கணவருக்கு எதிராக உங்கள் உடம்பு தயாரித்த எதிர்ப்புரதம் தம்பியின் சிறுநீரகத்தையும் தாக்கும். உறவே இல்லாத ஒருவரைக் கட்டியிருந்தால் இந்தச் சிக்கலுக்கு வாய்ப்பு குறைவு. பயப்பட வேண்டாம், கண்டுபிடிப்பது சுலபம். கணவரின் எச்.எல்.ஏ. தாளையும் தம்பியின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்களுடையதில் இல்லாமல் அவர்கள் இருவரிடமும் இருப்பவை எவை என்று பாருங்கள். பிறகு லூமினெக்ஸ் பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். டி.க்யூ. என்ற இன்னொரு எச்.எல்.ஏ. இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 6க்கு என்ற கணக்கில் அது வருவதே இல்லை, ஆனால் பின்னாளில் அதிகம் தொல்லை தருவது அதுதான்.

தம்பி மனைவியின் பயத்தை யாரும் அதட்டி அடக்க வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு போய் மருத்துவரிடம் தனியாகப் பேச விடுங்கள். சிறுநீரகம் கொடுக்கும் ஆபரேஷனால் 90 நாளுக்குள் உயிரிழப்பு, அமெரிக்கக் கணக்கில், 10,000 பேருக்கு 3 பேர். வாழ்நாளில் தனக்கே சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு, கொடுத்தவர்களில் 10,000க்கு 90. அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் 14. சிறிய ஆபத்துதான், ஆனால் பூஜ்ஜியம் இல்லை. இதைக் கேட்ட பிறகும் தம்பி கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும். விரும்பாவிட்டால், மருத்துவக் காரணத்தால் முடியாது என்று மட்டும் உங்களிடம் சொல்லும் பொறுப்பை மருத்துவமனை ஏற்கும். நீங்களும் அதற்கு மேல் துருவ வேண்டாம்.

தம்பியும் சேரவில்லை என்றால்

கணவரின் ஓ வகை ரத்தம் உங்கள் கையில் உள்ள பெரிய பலம், நீங்கள் அதை எழுதிவிட்டு அப்படியே கடந்து போய்விட்டீர்கள். மாற்றிக் கொடுத்துக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது, ஸ்வாப் என்பார்கள். உங்களைப் போலவே பொருந்தாத இன்னொரு ஜோடியின் நோயாளிக்கு உங்கள் கணவர் கொடுப்பார், அந்த ஜோடியின் கொடையாளர் உங்களுக்குக் கொடுப்பார். 1991இல் தென்கொரியாவில் தொடங்கியது. இந்தியாவில் 2011ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இதற்கு இடம் தந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் கொடுப்பவரும் நோயாளியும் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும், அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்த வரிசையில் காத்திருப்பவர்களில் ஓ வகை நோயாளிகள்தான் நிறைய, ஓ கொடையாளர்கள் அரிது. ஓ கொடையாளரோடு வரும் உங்களைப் போன்ற ஜோடியைக் கண்டால் ஒருங்கிணைப்பாளர்கள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள். உங்களுக்கு வரப்போகும் பி அல்லது ஓ கொடையாளரோடும் கிராஸ்மேட்ச் நெகட்டிவ் ஆக வேண்டும், அதுதான் நிபந்தனை. உங்கள் மருத்துவமனையில் ஸ்வாப் பட்டியல் இல்லை என்றால் இருக்கும் இடத்தைக் கேட்டு அங்கேயும் பதிந்துகொள்ளுங்கள்.

எதிர்ப்புரதத்தையே குறைத்துவிட்டுக் கணவருடையதை வைக்கும் வழியும் இருக்கிறது. பிளாஸ்மா மாற்றுதல், ஐ.வி.ஐ.ஜி., ரிடுக்ஸிமாப் ஊசி என்று போகும். செலவு பல லட்சம், தொற்று அபாயம் கூடும், குறைந்த எதிர்ப்புரதம் பின்னாளில் திரும்பி வந்து சிறுநீரகத்தை மெல்ல அரிக்கவும் செய்யும். சி.டி.சி.யிலேயே பாசிட்டிவ் ஆகும் அளவுக்கு வலுவுள்ளவர்களுக்கு இதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்குத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் உங்கள் மருத்துவமனை மூலம் இப்போதே பதிந்துவிடுங்கள். தம்பி இருக்கிறார், ஸ்வாப் இருக்கிறது என்று தள்ளிப்போட வேண்டாம். பட்டியலில் காத்திருந்த காலமும் கணக்கில் வரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று உண்டு. நான் மேலே சொன்ன பரிசோதனைகளில் எவை அதில் சேரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

வாசலில் நிற்கும் ஆள்

அவரிடம் இனிப் பேச வேண்டாம். உறுப்பை விற்பதும் வாங்குவதும் ஏற்பாடு செய்வதும் குற்றம். 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். வாங்குபவருக்கும் அது பொருந்தும், நோயாளி என்று விலக்கு கிடையாது. அது போக, உங்கள் எச்.எல்.ஏ. தாளையே பார்க்காத ஒருவர் "முழுப் பொருத்தம்" என்று எப்படிச் சொன்னார்? உறவில்லாதவர்களுக்கிடையே 6க்கு 6 அமைவது அரிதிலும் அரிது.

ரத்தம் ஏற்றுவது பற்றி

ஹீமோகுளோபின் 7 என்றதும் ஒரு யூனிட் ஏற்றிவிடலாம் என்பது டயாலிசிஸ் சென்டர்களில் சுலபமாகச் சொல்லப்படுகிறது. உங்களுக்கு ஒவ்வொரு யூனிட்டும் புதிய எதிர்ப்புரதத்துக்கான வாய்ப்பு. இரும்புச்சத்து ஊசி, ரத்த அணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசி ஆகியவற்றைச் சரியான அளவில் போட்டு ஹீமோகுளோபினை ஏற்றப் பாருங்கள். அவை வேலை செய்யவில்லை என்றால் ஏன் என்று தேட வேண்டும்: இரும்பு போதவில்லையா, எங்காவது தொற்றா, ரத்தப்போக்கா? உயிருக்கே அவசரம் என்றால் ரத்தம் ஏற்றத்தான் வேண்டும், அதில் பிடிவாதம் வேண்டாம். வெள்ளையணு நீக்கிய ரத்தம் கேளுங்கள். ஆபத்தை அது குறைக்கும், முழுக்கப் போக்காது. கணவர், தம்பி, பிள்ளைகளின் அப்பா வழிச் சொந்தங்கள் யாருடைய ரத்தமும் வேண்டாம். ஏற்றியபின் ஒருங்கிணைப்பாளரிடம் தேதியைச் சொல்லி, இரண்டு மூன்று வாரம் கழித்து எதிர்ப்புரதப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

"ஆபரேஷனுக்கு முன் ரத்தம் ஏற்றினால் சிறுநீரகம் நன்றாக ஒட்டும்" என்று ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கதை கட்டவில்லை. 1970களில் மருத்துவர்களே அப்படித்தான் செய்தார்கள், அன்றைய புள்ளிவிவரம் அதை ஆதரித்தது. 1980களில் நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தபின் அந்தப் பலன் தேய்ந்துபோக, எதிர்ப்புரத ஆபத்து மட்டும் மிஞ்சியது. அவருடைய தகவல் பழையது, அவ்வளவுதான்.

மூத்த மகளுக்கு இப்போதே எச்.எல்.ஏ. பார்த்து வைக்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் போதும்: வேண்டாம். அவளுக்கு நோய் வருமா என்பதை அது சொல்லாது, 18 வயதுக்குள் அவளிடமிருந்து யாரும் உறுப்பு எடுக்கப்போவதும் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை ரத்த அழுத்தமும் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையும் பார்த்தால் போதும், செலவும் குறைவு.

இந்த வாரமே தம்பியின் கிராஸ்மேட்ச்சுக்கும் உங்கள் லூமினெக்ஸ் பரிசோதனைக்கும் ரத்தம் கொடுங்கள். இரண்டுக்கும் ஒரே நாளில் எடுத்த உங்கள் ரத்த மாதிரியையே பயன்படுத்தச் சொல்லுங்கள். முடிவு வந்ததும், மூன்று பேருடைய எச்.எல்.ஏ. தாள்களின் நகலோடு எனக்கு எழுதுங்கள்.